கோமதிக்கு வாள்வீராங்கனை உடுப்பு தைத்தபோது

மாறுவேட உடுப்பு தைக்கிறவளுக்கு ஊரில் நல்ல மரியாதை உண்டு, விழாவுக்கு முந்தின நாள் மட்டும். மறுநாள் காலையில் அதே ஆட்கள் ரெக்கை ஒடிந்த பட்டாம்பூச்சியைக் கட்டைப்பையில் சுருட்டிக் கொண்டுவந்து, "இது முதல்லயே இப்படித்தான் இருந்துச்சு" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போவார்கள். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுத்தும் முதுகும் போன அக்காமாருக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

தென்காசியில் என் கடை. வாடகைக்கும் கொடுப்போம், தைத்தும் கொடுப்போம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் இஞ்ச் டேப்பில் இருக்கிறதுதான். ரெண்டாவது மிஷினில் ஷம்ஷாத். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். என் மகன் போலீஸ் வேலைக்குப் போய்விட்டான். மகள் கோமதிக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வயசு இருபத்தாறு. சின்னதிலிருந்தே குண்டு உடம்பு.

ஆனி பிறந்ததும் கோமதி போன் பண்ணினாள். சீசனுக்குக் குற்றாலத்தில் காஸ்பிளே கூட்டம் நடக்கிறதாம். பிடித்த கதையில் வருகிற ஆள் மாதிரியே உடுப்புப் போட்டு மேடையில் நடப்பார்களாம். நீதான் தைத்துத் தரணும் என்றாள். சின்னப் பிள்ளைகளா என்று கேட்டேன். இல்லை, பெரியவர்கள்தானாம். நேர்த்திக்கடனும் இல்லை, டீச்சர் கட்டாயமும் இல்லை, ஆசைக்காகப் போடுகிறார்களாம். "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். இவள் மேலே நிற்கும்போது கீழே நாலு பேர் சிரித்துவிட்டால்? அவளிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முருகனிடம் மட்டும் தினமும் கேட்டேன்.

மேடை நிறைந்த மரம்

அந்த வாரமே அச்சன்புதூரிலிருந்து ஒரு அம்மா எட்டு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட விழாவில் பன்னிரண்டு பட்டாம்பூச்சி, ஒரு மரம். மரம் இந்தப் பிள்ளை. "இவ நின்னாலே மேடை நெறஞ்சிரும்னு டீச்சர் சொல்லுதாவ" என்றாள் அந்த அம்மா. பெருமையாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா, தெரியவில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. அதன் கண் ஆணியில் தொங்கிய ரெக்கைகளை விட்டு அகலவில்லை. எலாஸ்டிக்கை ரெண்டு இஞ்ச் கூட்டினால் ரெக்கை அவளுக்கும் சேரும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மரத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கோமதிக்கும் அந்த வயசில் நான் மரம்தான் மாட்டினேன். டீச்சர் சொல்லவில்லை, நானே போய்க் கேட்டு வாங்கினேன். மரத்துக்குள்ளே உடம்பு தெரியாது பாருங்கள். அதோடு சரி, அவள் அப்புறம் எந்த மேடையிலும் ஏறவே இல்லை. அந்த நினைப்பிலேயே நான் மரத்துக்குக் கிளை மாட்டிக்கொண்டிருக்க, அச்சன்புதூர்ப் பிள்ளை பச்சைத் துணிக்குள்ளிருந்து முகத்தை நீட்டி, "ஆச்சி, மரத்துக்கு ஒரு வசனமாவது உண்டா?" என்றது.

கூவின அளவு

ஒருத்தி அளந்து கூவணும், இன்னொருத்தி எழுதணும். தையல் கடைகளில் இதுதான் வழக்கம். கோமதி அளவுகளை வாட்ஸப்பில் அனுப்பினாள். ஷம்ஷாத் போனைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல மார்பு, இடுப்பு, சீட் என்று சத்தமாக வாசித்தாள். நான் நோட்டில் எழுதினேன். கடையில் ரவிக்கைக்குக் கொக்கி மாட்டக் காத்திருந்த அம்மாள் ஒருத்தி, இடுப்பு அளவைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, யாருக்கு அளவு சொல்லுதே? பீரோவுக்கு உறை தைக்கியளா?" என்றாள்.

"எம் மகளுக்கு" என்றேன். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போச்சு. பாவம், கெட்ட மனசுக்காரி இல்லை. நானே எத்தனை பேர் அளவை நடுக்கடையில் கூவியிருக்கிறேன், அவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பார்களே என்று அப்போதுதான் உறைத்தது. அன்றோடு கூவுகிறதை நிறுத்திவிட்டோம். ஷம்ஷாத் மட்டும் அந்த அம்மாளைச் சும்மா விடவில்லை. கொக்கியை மாட்டிக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "பீரோன்னா பெருசாத்தாம்மா இருக்கும். உள்ள நகை இருக்குல்லா."

படத்தில் இருந்தவள்

அளவுக்குப் பின்னாலேயே படமும் வந்தது. ஜப்பான்காரர்கள் வரைந்த படக்கதையாம். அதில் வருகிற வாள்வீராங்கனை. நீலக் கோட்டு, தோல் பட்டை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். இடுப்பு உடுக்கை மாதிரி, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கண் ரெண்டும் தேங்காய் மூடி அகலம். எனக்குப் பார்த்ததுமே பகீர் என்றது. நைசாகப் போன் போட்டு, "ஏட்டி, கதைன்னா பத்துப் பேர் இருப்பாகல்லா? நம்மள மாதிரி உடம்புள்ள ஒருத்தி அதுல இல்லையா? அவளப் பாத்துத் தைச்சா பொருத்தமா இருக்குமே" என்றேன்.

"இருக்காம்மா" என்றாள். "எல்லாக் கதையிலயும் ஒருத்தி இருப்பா. சமையக்காரியா இருப்பா. எந்நேரமும் தின்னுக்கிட்டே இருப்பா, ஓடுனா தடுக்கி விழுவா, எல்லாரும் சிரிப்பாவ. அவளுக்கு அவ்வளவுதான் வேலை." அப்புறம் கோபமில்லாமல்தான் சொன்னாள்: "எனக்கு வாள் வேணும்மா. கரண்டி வீட்லயே கிடக்கு."

விரதம் இருந்த காளி

கோட்டு வெட்டும்போது ஷம்ஷாத் போன தசராவை ஞாபகப்படுத்தினாள். மலையாள எல்லையோரப் புளியறையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் குலசைக் கோயிலுக்குக் காளி வேஷம் நேர்ந்திருந்தார். ஆள் நல்ல பாரம். அளவெடுக்கும்போதே, "சேச்சி, நாப்பது நாள் விரதம். தானா மெலிஞ்சிருவேன். நாலு இஞ்ச் குறைச்சே தைங்க" என்றார். இதை நம்பித் தைத்துக் கெட்டுப்போன தையல்காரிகள் நம்மில் எத்தனை பேர்! கல்யாணப் பெண் சொல்வாள், வளைகாப்பு முடிந்தவள் சொல்வாள், போலீஸ் செலக்ஷனுக்குப் போகிறவனும் சொல்வான். குறைத்துவிட்டு வந்தவர் ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று அண்ணாச்சி வந்தார். நானும் ஷம்ஷாத்தும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் ஜிப் மேலே ஏறவில்லை. கடைசியில் ரெண்டு விலாவிலும் சிவப்புத் துணி ஒட்டுப் போட்டு விட்டேன். அவர் கிரீடத்தோடு கடை வாசலில் போய் நின்றதும் தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். காளிக்கு இம்புட்டு வயிறா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், தைத்தவள் ஆச்சே! மாமிசத்தை விட்டேன், அதுக்குப் பதிலாகப் பாயசம் குடித்தேன் என்று ஒத்துக்கொண்டு, "விரதம் எனக்குத்தான் சேச்சி, என் வயித்துக்கு இல்ல போல" என்றார்.

நாலு இஞ்ச்

கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னால் கோமதி ஊருக்கு வந்தாள். குளித்துச் சாப்பிட்டுக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். பட்டையைக் கட்டினாள், அவிழ்த்தாள். "எம்மா, இதுக்குள்ள இன்னொருத்தி வந்து குடியிருக்கலாம் போலயே" என்றாள். "காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டேன்" என்றேன். பொய். அவள் அனுப்பின அளவுக்கு மேலே சுற்றிலும் நாலு இஞ்ச் நானாகத்தான் கூட்டியிருந்தேன். உடம்பு தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். எனக்குக் கை அப்படிப் பழகிவிட்டது. பத்தாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் தைத்த சுடிதார் ஒன்று பாக்கியில்லாமல் அப்படித்தான்.

கோமதி கட்டிலில் உட்கார்ந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால்கூடத் தேவலை. "நீ தைச்ச சுடிதாரெல்லாம் அங்கன ஒரு தையக்காரர்ட்ட கொடுத்துப் பிடிச்சுத்தாம்மா போடுதேன். நாலு வருசமா" என்றாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கிறவளின் மகள் உடுப்பு அடுத்தவன் மிஷினில் ஏறியிருக்கிறது! அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தொழில்காரிக்கு அதுதானே முதலில் வரும். கோமதி சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பேசின மாதிரியே சொன்னாள்: "யாருங்க இதத் தெச்சது? அவிங்க உங்கள நேர்ல பாத்ததே இல்லீங்களா?"

வாளுக்குப் பூசை

சாயங்காலத்துக்குள் கோட்டு முழுதையும் பிரித்துவிட்டேன். "திரும்பி நில்லு" என்று சொல்லி என் கையாலேயே அளந்தேன். எத்தனை வருஷம் ஆச்சோ அவளை அளந்து. டேப் காட்டினது எதுவோ அதையே வெட்டினேன், அரை இஞ்ச்கூடக் கூட்டவில்லை. விரல்தான் பழக்கதோஷத்தில் ரெண்டு தடவை சாக்பீஸை வெளியே தள்ளிக்கொண்டு போச்சு. கோமதி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பண்பொழி மலை முருகன் கோயிலுக்குப் போனேன். வாளையும் கையோடு எடுத்துக்கொண்டேன். ஃபோம் ஷீட்டில் வெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்த வாள்தான். புது வண்டி வாங்கினால் சாவியை முருகன் காலில் வைத்து எடுக்கிற ஊர் இது. வாளுக்கு மட்டும் என்ன குறை? படி ஏறி மூச்சு வாங்கி, தட்டில் பூவும் பழமும் வைத்து அதன்மேல் வாளை வைத்து நீட்டினேன். பின்னால் நின்றவர்கள் விலகி நின்றார்கள். அர்ச்சகர் என்னையும் பார்த்தார், வாளையும் பார்த்தார். மகள் மேடை ஏறுகிறாள், யாரும் சிரித்துவிடக் கூடாது என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் பேர், நட்சத்திரம் மட்டும் சொன்னேன். அவர் உள்ளே கொண்டுபோய் வைத்து, குங்குமம் தொட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "வாளுக்குப் பூஜை ஆச்சு. எதிரி யாருன்னு சொல்லலியேம்மா?"

குற்றாலத்து மண்டபம்

கூட்டத்தன்று நல்ல சாரல். ஐந்தருவி போகிற வழியில் ஒரு மண்டபம். நானும் ஷம்ஷாத்தும் ஊசி, நூல், ஊக்கோடு போயிருந்தோம். உள்ளே நுழைந்தால் நீல முகத்தோடு ஒரு பெண் சாயம் அழியாமல் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறாள். தகர ரெக்கை கட்டின ஒரு பையன் கதவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் வருகிறான். அரை மணி நேரத்தில் ஏழு பேருக்கு ஜிப் சரிபண்ணினோம். எல்லாரும் எங்களை ஆன்ட்டி, ஆன்ட்டி என்று தாங்கினார்கள். என் பைக்குள் ஒரு கறுப்புச் சால்வை இருந்தது. நிலைமை மோசமானால் கோமதிமேல் போர்த்திக் கூட்டிவந்துவிடலாம் என்று எடுத்து வைத்தது. ஷம்ஷாத்துக்கும் தெரியாது.

கோமதி பேரைக் கூப்பிட்டு, பின்திரையில் அந்த வாள்வீராங்கனை படத்தைப் போட்டார்கள். வந்தாள். என் தையல் என்பதற்காகச் சொல்லவில்லை, தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. பட்டை உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் வயிறு இருந்தது, இடுப்பு இருந்தது, கை இருந்தது, எல்லாம் இருக்கிறபடியே இருந்தது. தீர்வை கட்டின சொந்த நிலத்தில் நடக்கிற மாதிரி நடந்துவந்து நடு மேடையில் வாளை ஊன்றினாள். அப்போது பின்னால், அருவியில் குளிக்க வந்து மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்திலிருந்து, தலையில் எண்ணெய் வழிய ஒருத்தன் சத்தமாகச் சொன்னான்: "ஏலே, படத்துல அவ ஒல்லியால்லா இருப்பா! இவ அவளையும் சேத்துத் தின்னுட்டு வந்துட்டா போல!" நாலு பேர் சிரித்தார்கள். நான் பயந்த அதே நாலு பேர்.

எனக்கு மூட்டு வலி மறந்துபோச்சு. சால்வையை உருவிக்கொண்டு எழுந்தேன். ஷம்ஷாத் சேலையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டு மேடைக்கு நேர் எதிரே போய் நின்றேன். சால்வையை விரித்தும் விட்டேன். கோமதி அந்தப் பையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சால்வையைப் பார்த்தாள். அழுகை வருமோ என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்றவரிடம் மைக்கை வாங்கி, வீட்டில் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "எம்மா, உக்காரு. நீ நின்னா பின்னால இருக்கவுகளுக்கு நான் தெரிய மாட்டேன்லா."

சால்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் கடைசியாகப் படித்த வேலை, தைத்துக் கொடுத்தபின் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அதில் மட்டும் எனக்கு இன்னும் கை திருந்தவில்லை.