தம்பிக்கு மாட்டிய கவுன்

எனக்கு எட்டு வயதானபோது, பொங்கோல் வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் வந்து சேர்ந்தார்கள். அச்சு அசலாக ஒரே முகம். அம்மா அவர்களிடம் பேசுவது மட்டும் இரண்டு விதம்.

ஐந்தாம் மாதம் சிராங்கூன் சாலை நகைக்கடையில் தங்கைக்குக் காது குத்தினார்கள். அவளைவிட அம்மாதான் அதிகம் அழுதார். "ரொம்ப வலிக்குதாடி கண்ணு? அம்மாகிட்ட சொல்லு" என்று வீடு வரும்வரை ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தார். அதே வாரம் இரண்டு பேருக்கும் தடுப்பூசி. தங்கைக்கு மறுபடியும் அதே விசாரிப்பு. தம்பியையோ மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, "சிங்கக்குட்டி அழலாமா?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. சிங்கக்குட்டிக்கு ஊசி வலிக்காதா? நானும் ஒரு பழைய சிங்கக்குட்டிதானே.

மறுநாள் அம்மா சமையலறைச் சன்னலில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, தங்கையின் மஞ்சள் கவுனைத் தம்பிக்கும், அவன் சட்டையை அவளுக்கும் மாட்டிவிட்டேன். அந்தக் குட்டிக் கைகளை உள்ளே நுழைக்க நான் பட்ட பாடு! தம்பி வீறிட்டான். அம்மா ஓடி வந்தார். கவுனைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு அவனை மடியில் போட்டுக்கொண்டு, "எங்க கண்ணு வலிக்குது? ஊசி போட்ட எடமா? அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

அவன் அம்மாவின் வாயையே பார்த்து, "ஊ" என்று ஏதோ சொன்னான். அம்மா சிரித்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். எனக்கு ஒரே குஷி, அம்மாவையே ஏமாற்றிவிட்டேன்!

அப்போது என் பக்கம் திரும்பி, "அய்யா, உனக்கு எங்கடா வலிக்குது?" என்றார்.

"எனக்கா? ஒண்ணுமில்ல லா!" என்று ஓடியே போய்விட்டேன்.

தம்பி அவன் சட்டைக்கே திரும்பிய பிறகும் அம்மா அவனிடம் அப்படித்தான் கேட்டார். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் எவன் முறைத்தாலும் வந்து அம்மாவிடம் ஒப்பித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறான். நான்தான் இன்னும் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவன்.

அந்தப் படத்தைப் போன மாதம்தான் பார்த்தேன். கவுன் போட்ட குழந்தையின் காது வெறுமை. சட்டை போட்ட குழந்தையின் காதில் தோடு பளபளக்கிறது. அட மடையா, தோட்டை மறந்துவிட்டாயே! பெற்றவளுக்கு அந்தத் தோடுகூடத் தேவைப்பட்டிருக்காது. எல்லாம் தெரிந்தேதான் அவனிடம் கேட்டிருக்கிறார், என்னிடமும் கேட்டிருக்கிறார்.

படத்தை அம்மாவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலையேடா."

இந்த முறை நான் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.