கோலமாவு விழுந்த மூலை

என் மனைவி கடைசியாக வாங்கி வைத்தது ஒரு பொட்டலம் சோயா விதை. பாக்கெட் பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டிலேயே சோயாப் பால் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். விதையைச் சும்மா போட்டுவைக்க மனம் வரவில்லை. கோவிலம்பாக்கம் வீட்டின் பக்கவாட்டில், வீடு கட்டியபோது படப்பைப் பக்கமிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணில் விதைத்தேன். அந்தச் செடிகள் பிழைக்கவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முழங்கால் உயரம் வந்ததும் சாக ஆரம்பித்தன. முதலில் கேட் பக்கத்துச் செடி. மறுநாள் அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. வரிசை தப்பாமல், யாரோ நடந்து வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போவதுபோல. பிடுங்கினால் வேர் கறுத்து நசநசவென்று கையோடு வந்தது. மருந்து அடித்தேன், தண்ணீரை நிறுத்தினேன், வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். எதற்கும் மசியாமல் அது மதில் மூலையை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் காய்ந்த குச்சிகள். அந்தப் பக்கம் கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தாய்க் காய். காற்றே இல்லாத காலையில் அந்த இலைகள் மட்டும் அசைந்தன. “யாரு?” என்று கேட்டே விட்டேன்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டு உயிரியல் டீச்சர். மறுநாள் அமிலம் பார்க்கும் சோதனைத் தாளோடு வந்து, இரண்டு பக்க மண்ணையும் தண்ணீரில் கரைத்துத் தாளை நனைத்துப் பார்த்தார்.

“மண்ணு ரொம்பப் புளிப்பு அண்ணா. வேர் வீக்காயிடும், அழுகல் ஈஸியா புடிச்சுக்கும். சுண்ணாம்புத் தூள் போட்டுக் கொத்துங்க, நல்லா காய்க்கும். ஆனா இந்த மூலையில ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கே, யாரு போட்டது?”

தினமும் வாசல் பெருக்கி, முந்தின நாள் கோலத்தை அவள் வாரிக் கொட்டியது அந்த மூலையில்தான். சைக்கிள்காரரிடம் வாங்கும் கோலமாவு வெறும் சுண்ணாம்புக்கல் பொடி.

“அவதான்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மூலைக் காய்களையே விதையாக்கி, தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு தூவிக் கொத்தினேன். மூலையை ஒட்டிய ஒரு முழத்தில் மட்டும் போடவில்லை. இந்த முறை வேர் வெள்ளையாக இருந்தது. காய் பறித்து மாளவில்லை.

“அங்க ஏன் விட்டுட்டீங்க அண்ணா?” என்றார் டீச்சர்.

“அங்கயும் போட்டா, அவ மூலை எதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும் டீச்சர்.”

அந்த ஒரு முழத்தில் செடிகள் இன்னும் சாகின்றன. காலையில் சோயாப் பால் டம்ளரோடு போய்ப் பார்க்கிறேன். சாவு அவள் மூலை வரை வந்து, நின்றுவிடுகிறது.