ஒரு கோடைக்கு வந்தவன்

பக்கத்து வீட்டு லின்னின் உடுப்புக் கொடியில் ஒருநாள் முழங்கால் நீளச் சிவப்புக் காலுறைகள் தொங்கின. லின் தனியாக வாழ்கிறவள். கிரெய்கிபர்ன் என்ற இந்தப் புறநகரில் அயலவரைப் பற்றி நாங்கள் அறிவது பெரும்பாலும் இப்படி வேலிக்கு மேலால் தெரிவதை வைத்துத்தான். ஊரில் என்றால் "ஆர் வந்திருக்கினம்?" என்று படலையில் நின்றே கேட்டிருப்பேன். இங்கே குப்பைத் தொட்டியை வெளியே இழுக்கும் நாள்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அது கைல், என் அமெரிக்கப் பையன்!" என்றாள் லின், பெற்றவளைப்போல.

பல்கலைக்கழகத்தில் பேஸ்போல் ஆடுபவனாம். படிப்பில் ஒரு தவணையை விட்டுவிட்டு, அங்கே குளிர்காலமாக இருக்கும் எங்கள் கோடையில் இங்குள்ள சின்னக் கழகமொன்றுக்கு ஆட வந்திருந்தான். கழகத்துக்காரர் அவன் பெயர் எழுதிய அட்டையோடு விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தார்கள். லின் அறை கொடுத்தாள். யாரோ பழைய கார் கொடுத்தார்கள். இன்னும் யாரோ வாராவாரம் லசான்யா சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் தம்பி குகன் இந்த நாட்டுக்குப் படகில் வந்தபோது அவனுக்கும் கைலின் வயதுதான். அவனை இறக்கிக் கூட்டிப்போனவர்கள் பெயர் கேட்கவில்லை. ஓர் இலக்கம் கொடுத்தார்கள். அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் தடுப்பு முகாமில் அவனைப் பார்க்கப் போவேன்.

லின்னுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால், ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவளை நானும் குகனும் காரில் கூட்டிப்போனோம். சின்ன மைதானம். கம்பி வலைக்குப் பின்னால் மடக்குக் கதிரைகள், வெங்காயத்தோடு சொசேஜ் வாட்டும் புகை. கைல் மட்டையோடு வந்ததும் எல்லோரும் அவன் பெயரைக் கத்தினார்கள். பக்கத்திலிருந்த தொப்பிக்காரர் என்னிடம், "உங்கள் வீட்டிலும் ஒருவர் தங்கியிருக்கிறாரா?" என்றார்.

"ஓம், தம்பி," என்று குகனைக் காட்டினேன்.

"வாட் பொசிஷன்?"

குகனும் கைலைப்போல ஆட வந்தவன் என்று நினைத்து, ஆட்டத்தில் எந்த இடம் என்று அவர் கேட்டார். குகன் வேலையைக் கேட்கிறார் என்று நினைத்தான். தரைக்கு ஓடு பதிக்கிறவன் அவன். "டைலர்," என்றான்.

"டைலர்! வெல்கம், மேட்!"

அமெரிக்காவில் அப்படியொரு பெயர் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குகனின் முதுகில் தட்டினார். சொசேஜ் வந்தது, குளிர்ந்த பியர் வந்தது. வலைக்கு மேலால் பறந்துவந்த பந்தொன்றைக் குகன் வெறுங்கையால் பிடித்தபோது, "டைலர்! டைலர்!" என்று மைதானமே கைதட்டியது.

"உன்ர பேரைச் சொல்லடா," என்றேன்.

"விடு அக்கா. நல்லாத்தானே இருக்கு."

சிரித்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டில் அவனை அப்படி நான் கண்டதில்லை. எனக்கோ அந்தப் பெயரின்மேலேயே பொறாமை வந்தது.

திரும்பும் வழியில் லின் கேட்டாள்: "கைல் பெப்ரவரியில் வீட்டுக்குப் போகிறான். நீ எப்போது போகப்போகிறாய், குகன்?"

"ஐ கான்ட்."

"அவ்வளவு வேலையா? பாவம்!"

நாங்கள் திருத்தவில்லை. அவன் விசா இங்கே இருக்க மட்டும் விடுகிறது. வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அம்மாவின் செத்தவீட்டைக்கூட, குசினியில் நின்றபடி போனில்தான் பார்த்தான். கைலுக்குக் கிடைத்த அறையையும் காரையும் லசான்யாவையும் அன்றோடு நான் மறந்துவிட்டேன். அவன் வீட்டுக்குப் போகிற நாள்தான் என்னை உறுத்தத் தொடங்கியது.

அந்த நாளும் வந்தது. லின்னோடு நாங்களும் விமான நிலையத்துக்குப் போனோம். லின் அழுதாள். குகன்தான் கைலின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பயணிகள் மட்டும் போகக்கூடிய வாசல்வரை போனான். கைல் அவனைக் கட்டிப்பிடித்து, "எங்கள் ஊருக்கு ஒருமுறை வா. அம்மா நன்றாகச் சமைப்பார்," என்றான்.

"ஷுவர்," என்றான் குகன்.

கைல் உள்ளே போய் மறைந்துவிட்டான். குகன் அங்கேயே நின்றான். சூட்கேஸ் உருட்டிக்கொண்டு வந்தவர்கள் அவனுக்கு இரண்டு பக்கத்தாலும் விலகி உள்ளே போனார்கள்.

"வாடா, போவம்," என்றேன்.

"வாறன் அக்கா," என்றான். காலை எடுக்கவில்லை.