கை நனைக்காதே என்று நான் சொன்னது

ஜெப அறையில் மொழிபெயர்ப்பாளனுக்கென்று நாற்காலி போடமாட்டார்கள். ஜெபிப்பவர் ஒன்றில் உட்காருவார், ஜெபத்துக்கு வந்தவர் எதிரே இன்னொன்றில் உட்காருவார். நான் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, வந்தவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் இருந்துகொள்வேன். மேசைமேல் டிஷ்யூ பெட்டி, சின்ன எண்ணெய்க் குப்பி. மூலையில் ஒரு வாளி. வாளி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஜெபத்தின்போது சிலருக்கு வாந்தி வரும். பிசாசு போகிறது என்பார்கள் எங்கள் சபையில். பல வருஷம் விழுங்கிய அழுகை வயிற்றைப் புரட்டுகிறது, அவ்வளவுதான் என்பார் அந்த அம்மா.

அந்த அம்மா வெளிநாட்டுக்காரர். வருஷம் ஒருமுறை மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு வந்து, மனக்காயத்தோடு இருப்பவர்களுக்காகவும், ஆவிகளின் பிடியில் இருப்பதாக நம்புகிறவர்களுக்காகவும் ஜெபிப்பது அவர் ஊழியம். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே முக்காலி எனக்கு வந்தது. முதல் நாளே அந்த அம்மா ஒரு விதி சொன்னார். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அந்த அறையில் எனக்கென்று கருத்து இருக்கக் கூடாது.

அந்த விதியை ஒருமுறை மீறினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், யான் என்ற ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் நடத்தினோம். முன்னால் வயல், பின்னால் ஜெராய் மலை. மெர்கோங்கிலிருந்து ஒரு சகோதரி வந்திருந்தார். பாடாங் மேஹா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, கல்யாணமாகி மெர்கோங் வந்து, அங்கே எங்கள் சபையில் சேர்ந்தவர். ஒரே மகன் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டு இறந்திருந்தான். அதன்பின் ஆராதனையில் திடீரென்று கத்துவார், கீழே விழுவார். பேய் பிடித்திருக்கிறது என்று சபையில் எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். எல்லாரும் என்றால் நானும்தான்.

அந்த அம்மா எண்ணெயைத் தொடவே இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

"மவனப் பொதைச்சிட்டு வந்து நிக்கிறேன். கால்ல மண்ணுகூட காயல," என்றார் அந்தச் சகோதரி. "எங்கண்ணன் எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு. 'முனீஸ்வரர விட்டுட்டுப் போனல்ல, அதான் உம்மவன எடுத்துக்கிட்டாரு'ன்னு."

அண்ணன் அந்த எஸ்டேட் முனீஸ்வரர் கோயில் பூசாரி. தாய் தகப்பன் போனபின் இவரை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

அந்த அம்மா என்னிடம், "இவளிடம் ஆவி ஒன்றும் இல்லை. ஒரு சொல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது," என்றார். ஒரு காலி நாற்காலியை எதிரே போட்டார். அண்ணன் அதில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லச் சொன்னார். அந்தச் சகோதரி முதலில் முனகினார். அப்புறம் திட்டினார். அப்புறம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போங்கண்ணே, மன்னிச்சிட்டேன்," என்று அழுதார். வாளி தேவைப்பட்டது. நான்தான் பிடித்துக்கொண்டேன். முகம் கழுவி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. அதற்குப் பின் அவர் கத்தியதில்லை, விழுந்ததில்லை. இது நான் கண்ணால் பார்த்தது.

கடைசியாக அந்த அம்மா சொன்னார்: "ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வா. மன்னித்துவிட்டாய் என்று உன் உடம்புக்கும் தெரியட்டும்."

நான் தமிழில் சொன்னது இது: "மனசுல மன்னிச்சாச்சு, போதும். ஆனா அந்த வீட்டுல கை நனைக்காதே. படையல் சோறு உள்ள போனா, போனது திரும்பி வந்திரும்."

"தண்ணிகூட குடிக்கக் கூடாதான்னு கேளுங்க சார்."

கேட்பது போலவே திரும்பினேன். ஆங்கிலத்தில், உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன். அந்த அம்மா சிரித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையே சகோதரி பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஏன் அப்படிச் செய்தேன்? வெள்ளைக்காரருக்கு நம் சாமிகளின் கணக்கு தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பூசாரி வீட்டு அடுப்பில் வேகிற எல்லாமே படையல்தான் என்று நானே முடிவு கட்டினேன். இன்னொன்றும் உண்டு. என் பேச்சை நான் பேசினால் கேட்பவர் குறைவு. அந்த அம்மாவின் வாயில் வைத்துப் பேசினால் யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் நடந்தவை ஒவ்வொன்றாக என் காதுக்கு வந்தன. சகோதரி அண்ணன் வீட்டுக்குப் போவார், உட்காருவார், பேசுவார். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார். அண்ணன் மகள் கல்யாணத்தில் பிள்ளையை வாழ்த்திவிட்டுப் பந்தியைத் தாண்டி வெளியே நடந்தார். ஊரே பார்த்தது. பிறகு அண்ணனுக்கு இனிப்புநீர் வியாதி முற்றி, ஒரு பாதத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இவர் சோறு கட்டிக்கொண்டு போனபோது, அவர் அடுக்குச் சட்டியைத் தள்ளிவிட்டார்.

"என் வீட்டுல நீ திங்க மாட்ட. உன் வீட்டுச் சோத்த நான் மட்டும் திங்கணுமாலா? எடுத்துட்டுப் போ."

இதை ஒவ்வொரு முறையும் என்னிடமே வந்து சொல்லுவார். விசுவாசத்துக்காகப் பாடுபடுகிறாய் என்று நான் தைரியம் சொல்லி அனுப்புவேன்.

கொரோனாவுக்குப் பின் வராமல் இருந்த அந்த அம்மா இந்த வருஷம்தான் மறுபடியும் வந்தார். முடி முழுக்க வெளுத்து, கையில் ஊன்றுகோல். மெர்கோங்கில் கடைவரிசையின் மாடியில் எங்கள் சபை. கீழே காடி, அதாவது கார், பழுது பார்க்கும் கடை. டயரை இறுக்கும் சத்தத்துக்கு நடுவில்தான் ஜெபம். சகோதரி ஒரு டப்பாவில் முறுக்கோடு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "அண்ணனுக்கு இன்னொரு காலையும் எடுக்கணுமாம் சார். அடுத்த வாரம். ஒடம்பு தாங்குமான்னு டாக்டரே சொல்லல. அவரு என்கூட சரியாப் பேசுறதே இல்ல."

அதை மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அன்றைக்கு அண்ணன் வீட்டில் என்ன சாப்பிட்டாய்? இத்தனை வருஷமும் அதை நினைத்துக்கொள்வேன்."

சகோதரி திரும்பினார். "என்ன சார் கேக்குறாங்க?"

'அண்ணனுக்கு என்ன வயது என்று கேட்கிறார்.' இந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் வயதைச் சொல்லியிருப்பார், நான் ஏதாவது ஒரு குழம்பின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன், மூவரும் ஜெபம் செய்து கலைந்திருப்போம். அடுத்த வாரம் அந்த மனிதர் தங்கையோடு ஒரு வாய் சேர்ந்து சாப்பிடாமலே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

முக்காலியை விட்டு எழுந்தேன். முதலில் தமிழில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில். கை நனைக்காதே என்று இந்த அம்மா சொல்லவே இல்லை, சாப்பிடு என்றுதான் சொன்னார், மாற்றியது நான் என்றேன்.

கீழே இரும்புச் சத்தம் நின்றிருந்தது. சகோதரி கேட்டார், "தண்ணி? தண்ணிகூட குடிக்கக் கூடாதான்னு கேக்கச் சொன்னேனே, அது?"

"அத நான் கேக்கவே இல்ல."

"தலையாட்டுனாங்களே."

"நீ நன்றி சொல்றன்னு சொன்னேன். அதுக்கு ஆட்டுனாங்க."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு அண்ணி என் பின்னாலயே ஓடி வந்தாங்க சார். காடி கதவப் பிடிச்சிக்கிட்டு, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போ புள்ளன்னு கெஞ்சுனாங்க. நான் கதவச் சாத்திட்டேன். படிச்சவருன்னு உங்கள நம்புனேன்லா."

அந்த அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஜெபத்துக்கு வருகிறவர் உட்காரும் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எதைக் கண்டு பயந்தீர்கள் என்று கேட்டார். என் அப்பா எஸ்டேட் கோயிலில் சாமியாடினவர். வாயில் சுருட்டும் கையில் அரிவாளுமாக அவர் ஆடுவதைப் பார்த்துப் பயந்தவன் நான். பள்ளி விடுதிக்குப் போனபின் அதைச் சொல்ல வெட்கப்பட்டவன். இத்தனை வயதுக்குப் பிறகு அதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். டிஷ்யூ பெட்டி என் பக்கம் நகர்ந்து வந்தது. அதை நகர்த்தியது சகோதரி.

"அழுவுறதெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம் சார்," என்றார். "காடி சாவி இருக்கா?"

அந்த அம்மாவுக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். என்ன நடந்தாலும் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார். நெடுஞ்சாலையில் குருண் தாண்டும்வரை சகோதரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராய் பின்னால் போனதும் கேட்டார், "பசிக்குதா சார்?"

"இல்லம்மா."

"பசிக்கணும். அங்க வந்து ஒழுங்காச் சாப்பிடணும்."

அண்ணன் வீட்டைச் சுற்றிச் செம்பனைத் தோட்டம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், முக்காலியில் கட்டுப்போட்ட கால். எங்களைப் பார்த்ததும் எழ முயலவில்லை.

"என்னலா, வாத்தியாரையும் இழுத்துட்டு வந்திருக்க? ஆபரேஷனுக்கு முன்னாலயே பொதைக்கிற ஜெபத்தப் பண்ணிரலாம்னா?"

"கை நனைக்க வந்தேண்ணே," என்றார் தங்கை.

அண்ணி ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தார். நான் நின்றபடியே மூன்றாவது முறையாக அதைச் சொன்னேன். இந்தத் தடவைதான் சொல்வது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

"அப்ப உங்க சாமி சொல்லல," என்றார் அண்ணன். "அந்த வெள்ளக்கார அம்மாவும் சொல்லல. வாத்தியாரு சொன்னது."

"ஆமாங்க."

அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "படையல கோயில்லயே வச்சிக் கும்பிட்டு அங்கயே குடுத்துருவோம் சார். வீட்டு அடுப்புல வேவுறது எங்க வயித்துக்குத்தான். இதுல இவ வர்ற அன்னிக்கி, சாமி அறப் பக்கம்கூட சட்டியக் கொண்டுபோவ மாட்டேன். ஒரு தடவ எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்கத் தோன்றவே இல்லை. பூசாரி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அண்ணன் என்னை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தார். "இவரு சொன்னது இருக்கட்டும். நான் சொன்னது ஒண்ணு இருக்குல்ல. அன்னிக்கி வாய் தறிகெட்டுப் போச்சு புள்ள. அவன் எனக்கும் மருமவன். யார் மேலயாவது பழியப் போடணும்னு இருந்திச்சி."

"அத யான்லயே மன்னிச்சிட்டேண்ணே. உங்ககிட்ட வந்து சொல்லத்தான் வழியில்லாமப் போச்சு."

அண்ணிதான் தவித்துப் போனார். "இன்னிக்குன்னு பாத்து ஒண்ணுமே ஆக்கலியே. டின் சார்டின் கொழம்பும் கீரையும்தான் இருக்கு."

"அதையே போடுங்க அண்ணி."

சகோதரி முதலில் தண்ணீர் கேட்டார். ஒரு பெரிய குவளை நிறைய வந்தது. நின்றபடியே முழுவதையும் குடித்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கை அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அண்ணனும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கீரையை மட்டும் தங்கை பக்கம் தள்ளிவிட்டார். சிறு வயதிலிருந்தே அண்ணனுக்குக் கீரை ஆகாதாம்.

அண்ணி எனக்கும் தட்டு எடுத்தபோது அண்ணன் தடுத்தார். "வாத்தியாருக்கு இப்ப வேணாம். ஒரு வேல இருக்கு. போன எடுங்க. அந்தம்மாகிட்ட நான் சொல்றத சொல்லுங்க."

குரல் செய்தி பதிவதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தங்கச்சி எங்க வீட்டுல சாப்பிட்டா. கொழம்பு ரெண்டாந்தரம் வாங்குனா."

சொன்னேன்.

"இந்த வாத்தியாரு பெரிய பொய்யன்." அவர் காத்திருந்தார். "சொல்லுங்க, ஏன் முழிக்கிறீங்க?"

சொன்னேன்.

"'பெரிய'ன்னு சேத்துச் சொன்னீங்களா சார்?" என்றார் சகோதரி.

"சேர்த்துத்தாம்மா சொன்னேன்."

அண்ணன் முதன்முறையாகச் சிரித்தார். கால் வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். "ஆபரேஷன் அன்னிக்கி எனக்கும் சேத்து ஜெபம் பண்ணச் சொல்லுங்க. முனீஸ்வரர் கோவிச்சிக்க மாட்டாரு, நான் பேசிக்கிறேன்."

அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"இப்பப் போய்க் கை கழுவிட்டு வாங்க," என்றார்.

சட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அண்ணி அதைச் சுரண்டி என் சோற்றில் விட்டார். நன்றாகப் பசித்தது.

அறுவை முடிந்து அண்ணன் பிழைத்தார். கால் போனது போனதுதான். வார்டில் கண் விழித்த மறுநாள் தங்கை அதே அடுக்குச் சட்டியோடு போனார். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் ஒரு வாய் வாங்கி மென்று, எங்கள் இருவரையும் பார்த்தார்.

"உப்பு கம்மிலா," என்றார். அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.