மாமனாருக்கு இரண்டு மை

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் என்று முடிவானதுமே அழைப்புப் பத்திரிகையில் போட என்னிடம் ஒரு படம் தயாராக இருந்தது. ஒலக்கூர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது நான் எடுத்தது. மாமியார் ஏதோ திட்டுகிறார். மாமனார் காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்க்கிறார். கருப்பு வெள்ளைப் படம். நான் எடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பதால், அதுதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

மாமனார் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா கருப்பு வெள்ளையில போட்டா சொந்தக்காரங்க மொய்க்குப் பதிலா மாலை வாங்கிக்கினு வந்துடுவாங்க."

என் கணவர் உடனே அப்பா பக்கம் சாய்ந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கிற பத்திரிகையில் முகத்தைக் கருப்பாக அடிப்பதா என்று கேட்டார். எங்கள் ரிசப்ஷனில் கருப்பு கோட்டு போட்டுக்கொண்டு நின்றவர் அவர்.

நான் விடுவேனா? விழுப்புரத்தில் ஒரு பிரஸ்ஸில் டுயோடோனுக்குப் பேசி வைத்தேன். ஒரே படத்துக்கு இரண்டு பிளேட். முதலில் கருப்பு மையில் ஓட்டி, காயவிட்டு, அதன் மேலேயே இன்னொரு மையில் ஓட்டுவார்கள். இரண்டாவதற்கு நான் பிரவுன் சொன்னேன். நிழல் கெட்டியாகும், முகத்தில் கொஞ்சம் சூடு ஏறும். வீட்டில் "ரெண்டு கலர்ல அடிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே.

மாமனாருக்குச் சந்தேகம். அச்சாகும் நாளில் திண்டிவனத்தில் என்னோடு பஸ் ஏறிவிட்டார். நாங்கள் போனபோது கருப்பு மட்டும் ஓடிக் காய்ந்திருந்தது. அந்த அடுக்குக்குப் பக்கத்திலேயே யாருக்கோ அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். மாமனார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குத் தேதி மட்டும்தான் போடல போலக்குது," என்றார்.

என் படம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மிஷின்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பிரவுன் மையில் கொஞ்சம் மஞ்சள் மையைப் போட்டுக் குழைத்தார். "சுபகாரியம்னா நாங்க மஞ்ச சேர்க்காம ஓட்ட மாட்டோங்க," என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தாள் வெளியே வந்தபோது மாமியாரின் கன்னத்தில் நிஜமாகவே வெயில் அடித்தது. நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இப்ப கலர் வந்துடுச்சி," என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். அப்புறம் வீடு வீடாகக் கலர் படம் என்றே சொல்லிக் கொடுத்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பிரஸ்ஸில் கருப்பு மட்டும் ஓடிய தாள் ஒன்றைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷர். அதில் மாமியாரைக் காணவில்லை. கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தார்.

"பத்திரமா வச்சிக்கம்மா. போஸ்டருக்கு இத குடு. இல்லாங்காட்டி அவசரத்துல உம் புருஷன் ஆதார் கார்டு படத்தப் போட்டுடுவான்."

சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, வெட்டிய பாதி எங்கே என்று கேட்டேன்.

"உங்க அத்த கேட்டு வாங்கிக்கினா. அவ பீரோவுல வச்சிருக்கா."