சகலை

வெளியில் அவர் எலக்ட்ரீஷியன். எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெயில் வாசலில் குமாஸ்தா பேர், வயசு, சாதி என்று மூன்று கேள்வி கேட்டான். தொழிலைக் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் துடைப்பத்தையும் வாளியையும் கொடுத்துக் கக்கூஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கொட்டடியில் ஃபேன் நின்றுபோனால் வெளியாளை வரவழைத்தார்களே தவிர, டெஸ்டரை ஏணியில் ஏறவிடவில்லை. மின்சாரத்துக்கே தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ.

நாற்பது பேரில் அவனவன் தன் ஆட்களோடு வட்டமாய் உட்கார்ந்து சாப்பிடுவான், சண்டை போடுவான், சமாதானமாவான். டெஸ்டரின் ஆள் என்று அங்கே ஒருவரும் இல்லை. வாளியை நகர்த்து, தண்ணீர் ஊற்று, ஏழு மாதமாய் அவர் காதில் விழுந்த பேச்சு இவ்வளவுதான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று ஏங்கிப்போனார்.

சமையலறை வேலை மேல்சாதிக்காரர்களுக்கு மட்டும். சோறு போடுகிறவருக்கு மூக்குக்கண்ணாடி உண்டு, அதனால் பெயரும் கண்ணாடி. டெஸ்டரின் தட்டுக்கு மட்டும் ஒரு முழம் உயரத்திலிருந்து கரண்டியைக் கவிழ்ப்பார். பாதி தரைக்குப் போகும்.

பார்வையாளர் நாளன்று கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மனைவி அதிசயமாய்ச் சிரித்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் சின்ன வயதில் பிரிந்த பெரியம்மா மகளாம். அவள் புருஷனுக்கு உள்ளே சமையல் வேலையாம், கண்ணாடி போட்டிருப்பாராம்.

"உங்களுக்குச் சகலை முறைங்க. இனிமே நீங்க தனி ஆள் இல்ல."

டெஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நம் சாதிக்காரர் எப்படிச் சமையலறையில் என்றுகூட யோசிக்கவில்லை. மத்தியானச் சோற்று வரிசையில், அத்தனை பேர் முன்னால், வாய் நிறையக் கூப்பிட்டார்.

"சகலை!"

கரண்டி அப்படியே நின்றது. கண்ணாடியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் டெஸ்டருக்கு உறைத்தது. குமாஸ்தாவிடம் சாதியை மாற்றிச் சொல்லித் தப்பித்த மனிதர். தெரிந்தால், இத்தனை நாள் அவர் கையால் சாப்பிட்டவர்கள் அவரை உயிரோடு விடமாட்டார்கள்.

"யாருடா சகலை?" என்றான் கொட்டடித் தலைவன், பழைய கைதி.

ஒரு வார்த்தை போதும், வாளி தூக்க ஒரு துணை கிடைத்துவிடும். டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆள் தெரியாம கூப்பிட்டுட்டேங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இதே மாதிரி கண்ணாடி போட்டிருப்பாரு."

முதுகில் ஓர் உதை விழுந்தது. இவனுக்குச் சகலை கேட்கிறதா என்று வரிசையே சிரித்தது. கண்ணாடியும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு கரண்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கவிழ்த்தார். டெஸ்டர் சிந்தியதைக் கூட்டி அள்ளிக்கொண்டு கக்கூஸ் கதவோரம் போய் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் மனைவி வந்ததும் வராததுமாகச் சகலையைப் பற்றித்தான் கேட்டாள்.

"தினமும் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுறோம்," என்றார் டெஸ்டர்.

"அக்காவும் அதையேதான் சொன்னா. என் சகலைக்கு நானே பாத்துப் பாத்துப் போடுறேன்னு அவரு சொன்னாராம்."

டெஸ்டர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.