புதுநன்மைக்கு ஒரு மெட்டு

இனிகோவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டாலி கிளார்க். தோணியிலிருந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துச் சீட்டில் குறிப்பதுதான் வேலை. அப்பா பர்னபாஸ் சங்கு குளிக்கப் போகிறவர். மகன் கடலில் இறங்காமல் கரையில் பேனா பிடித்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் அவனுடைய அக்கார்டியன் மேல்தான். கொழும்புக்குப் போன தோணியில் தாய்மாமன் வாங்கி வந்து கொடுத்த பெட்டி அது. அதில் ஒரே ஒரு கட்டை ஊமை. மற்றதெல்லாம் தெருவுக்கே கேட்கும்.

சனிக்கிழமைகளில் தனராஜின் மெல்லிசைக் குழுவோடு கல்யாண வீடுகளில் வாசிப்பான். ஞாயிறு காலைப் பூசையில் வாலிபர் பாடல்குழுவுக்கு வாசிப்பான். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிப் பத்து வருஷம் ஆகியும், இளசுகள் சேர்ந்து பாடப் புதுப் பாட்டுகள் போதவில்லை. அதனால் 1975ஆம் வருஷம் மே மாதம், முப்பது பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை அப்பம், கொடுக்க நாள் குறித்தபோது, பங்குச் சாமியார் புதிதாக ஒரு பாட்டு கேட்டார். கன்னியர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த விக்டோரியா வரிகளை எழுதினாள். மெட்டு இனிகோவின் பொறுப்பு.

அவன் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் டீக்கடை ரேடியோவிலும் கல்யாண மைக்செட்டிலும் ஒரே ஒரு சினிமாப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. விக்டோரியாவின் வரிகளில் இரண்டு சொல்லை மாற்றினான். அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்த மெட்டில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் அரைமணி நேரத்தில் படித்துக்கொண்டார்கள். இனிகோவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் பெருமை.

புதுநன்மைக்கு இரண்டு ஞாயிறு முன்னால், பழகட்டும் என்று பூசையிலேயே பாட வைத்தார்கள். பெரியவர்கள் நன்மை வாங்க வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் அடி நன்றாகப் போயிற்று. இரண்டாம் அடியில் முன்வரிசையில் நின்ற பிளாரன்ஸ் என்ற எட்டு வயதுப் பிள்ளை, குரல் கணீரென்றிருக்கும், "என்னுள்ளே வாரும் ஆண்டவா" என்று பாட வேண்டிய இடத்தில், கண்ணை மூடிக் கைகுவித்தபடி, "என்னுள்ளே வாரும் மச்சானே" என்று பாடிவிட்டாள்.

பின்னால் நின்ற விடலைகள் சிரித்தார்கள். ஒருவன் விசிலே அடித்துவிட்டான். சிரிப்பு பெண்கள் பக்கமும் பரவியது. பிளாரன்ஸுக்கு என்ன நடந்தது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடி அழுதாள். நன்மை கொடுத்துக்கொண்டிருந்த சாமியாரின் கை ஒரு கணம் அப்படியே நின்றது.

பூசை முடிந்து சாமியார் இனிகோவைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

"மெட்டு எங்கருந்து எடுத்தீங்க?"

"சினிமாலருந்து, சாமி."

"இன்னும் பதினாலு நாள் இருக்கு. வேற மெட்டு வந்தா பாடுங்க. இல்லன்னா பழைய பாட்டு ஒண்ணு பாடிட்டுப் போவோம்."

இனிகோ அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். கோயில் வாசலில் விக்டோரியா, பிளாரன்ஸின் முகத்தைத் துடைத்து அவள் அம்மாவோடு அனுப்பிக்கொண்டிருந்தாள். இனிகோ அவளிடம் போய்ப் பொரிந்து தள்ளினான்.

"ஊர் ஊருக்கு சினிமா மெட்டுலதான் பாடுதாவ, டீச்சர். வார்த்தைதான ஜெபம்? மெட்டு என்ன செய்யும்?"

"மெட்டு ஒண்ணுஞ் செய்யாதுன்னா, அந்தப் பிள்ளை வாயில மச்சான் எங்கருந்து வந்தாரு?"

விக்டோரியா குரலைத் தணித்துக்கொண்டாள். "சினிமாலருந்து வந்ததுனாலேயே கெட்டதுன்னு நான் சொல்லல. எனக்கும்தான் ஆயிரம் பாட்டு பிடிக்கும். நன்மை வாங்கப் போற நேரத்துல அந்தப் பிள்ளை மனசுல எது ஓடுதுன்னுதான் கேக்கேன்."

அன்று முழுக்க அந்தக் கேள்வி அவனை விடவில்லை. நேர்மையாகப் பார்த்தால், வாசிக்கும்போது அவன் மனசிலும் ஓடியது அந்தப் படத்தில் மழையில் நனைந்த கதாநாயகிதான்.

சினிமா வேண்டாம், நம் கடற்கரை மெட்டு ஒன்றை எடுப்போம் என்று நினைத்தான். அப்பாவும் கூட்டாளிகளும் நங்கூரம் இழுக்கும்போது பாடும் பாட்டு, கேட்கவே கம்பீரமாக இருக்கும். வீட்டில் அதை வாசித்துப் பார்த்தான். வலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்த பர்னபாஸ் நிமிர்ந்தார்.

"ஏலே, இத எங்கன பாடப் போற?"

"கோயில்லப்பா. பிள்ளைகளுக்கு."

அவர் இருமும் அளவுக்குச் சிரித்தார். "கரையில ஒங்க காதுல விழும்போதுதாம்லே ஏலேலோ. நடுக்கடல்ல அதுக்குள்ள வார்த்தையே வேற. அன்னைக்கு ஒரு பிள்ளைதான் உளறுச்சு. இதப் பாடுனா எங்க கூட்டம் மொத்தமும் உளறும்."

அடுப்படியிலிருந்து அம்மாவும் சிரித்தாள். அவளுக்கும் அந்த வார்த்தைகள் தெரிந்திருக்கின்றன என்பது இனிகோவுக்கு அன்றுதான் தெரிந்தது.

இனி சொந்தமாகத்தான் போட வேண்டும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு துறைமுகத்தில் மூட்டை அடுக்கும் கிட்டங்கி நிழலில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்ப்பான். எது வந்தாலும் அது எங்கேயோ கேட்டதாகவே வந்தது. தன் காதை நம்ப முடியாது என்று தோன்றியதும், துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருந்த முத்துக்கனியிடம் போனான். அவர் கோயில் பாட்டு எதுவும் கேட்டவர் இல்லை. ஆனால் காலை முதல் கடை சாத்தும்வரை இலங்கை ரேடியோ கேட்பவர். ஒரு பாட்டு அவர் காதுக்குத் தப்பாது.

"அண்ணாச்சி, வார்த்தையில்லாம பாடுதேன். கேட்டா என்ன நினைப்பு வருதுன்னு சொல்லுங்க."

முதல் மெட்டுக்கு முத்துக்கனி டீ ஆற்றுவதைக்கூட நிறுத்தவில்லை. "இது அந்த ரயில் பாட்டுல்லா. கடைசில கொஞ்சம் நெளிச்சிருக்க." மறுநாள் கொண்டுபோனதைக் கேட்டுவிட்டு, அந்தப் பாட்டுக்கு ஆடியவள் கட்டியிருந்த புடவை நிறம்வரை சொன்னார். மூன்றாவது, ஏதோ பல்பொடி விளம்பரம். இனிகோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் மெட்டு தேடுவதையே விட்டுவிட்டு, விக்டோரியாவின் வரிகளை வாய்விட்டு வாசித்தான். எட்டு வயதுப் பிள்ளை எங்கே மூச்சு எடுக்கும், எந்தச் சொல்லில் குரல் தானாக ஏறும் என்று மட்டும் பார்த்தான். திரும்பத் திரும்ப வாசித்ததில் வரிகள் தாமாகவே கொஞ்சம் இழுபட ஆரம்பித்தன. அதைப் பிடித்துக்கொண்டான். ஊமைக் கட்டை வருகிற இடத்தில் மட்டும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தச் சுற்றலே நன்றாக இருந்தது.

முத்துக்கனி இந்த முறை டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா பாடு."

பாடினான்.

"எந்தப் படம்னு தெரியலையே. படமே இல்லையோ?" கொஞ்சம் யோசித்தார். "யாரையோ வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுத மாதிரி இருக்கு."

இனிகோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, டீக்குக்கூட நிற்காமல் ஓடினான்.

எட்டு நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது லேசான காரியமாக இல்லை. முன்னது போல அரைமணியில் பிடிபடவில்லை. பிளாரன்ஸ் பாடவே மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள், மற்றப் பிள்ளைகள் தப்பாகப் பாடுகிறார்கள் என்ற எரிச்சலில், தானே வாய் திறந்து சரியாகப் பாடிக் காட்டினாள். புதுநன்மை அன்று இரண்டாம் அடியில் பையன்கள் சுருதி விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பாட்டு பிடித்தது என்று இனிகோவுக்குத் தெரியாது. ஆனால் வாசித்து முடிக்கும்வரை அவன் மனசில் யாரும் மழையில் நனையவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் கச்சேரி. சினிமாப் பாட்டுகளை வழக்கம்போல் சந்தோஷமாக வாசித்தான். பாதிக் கச்சேரியில் ஒரு கிளப் டான்ஸ் பாட்டைக் கேட்டுச் சீட்டு வந்தது. கேட்கவே காது கூசும் பாட்டு. முன்னால் குழந்தை குட்டிகள் உட்கார்ந்திருந்தன. இதற்குமுன் பத்துத் தடவையாவது அதை வாசித்திருப்பான். அன்று துருத்தியை மூடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏலே, ஒனக்கு மட்டும் என்ன?" என்று தனராஜ் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"இது மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. இத வாசிச்ச கையோட காலையில பூசைக்கு உக்கார முடியல."

தனராஜ் அவன் இல்லாமலே அந்தப் பாட்டை ஓட்டினார். பிறகு இரண்டு மாதம் அவனைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் வெறுமனே இருப்பது இனிகோவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆவணிக் கல்யாணங்கள் வந்தபோது அக்கார்டியனுக்கு வேறு ஆள் கிடைக்காமல், தனராஜ் தாமே சைக்கிளில் வந்தார். அந்த மாதிரிப் பாட்டு வந்தால் வாசிக்க மாட்டேன் என்று இனிகோ வாசலிலேயே சொல்லிவிட்டான். "சரி, அந்நேரம் போய்க் காப்பி குடி" என்றார் தனராஜ்.

மூன்று வருஷம் கழித்து இனிகோவும் விக்டோரியாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாலை வரவேற்புக்குத் தனராஜின் குழுதான். என்னென்ன பாட வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தனராஜ் அதைப் படித்துவிட்டு, "பாதிக்கு மேல சினிமாப் பாட்டுல்லாலே இருக்கு!" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. நல்ல பாட்டுல்லா," என்றான் இனிகோ.

அன்று நடுவில் மாப்பிள்ளையே எழுந்துபோய் இரண்டு பாட்டுக்கு அக்கார்டியன் வாசித்தான். விக்டோரியாவின் அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.